இரண்டு அஞ்சுகங்கள்

அத்தியாயம் பதினொன்று

புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு அஞ்சுகம் கம்பெனி பஸ்ஸில் ஏறவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டது அன்றைக்குத்தான். சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று, நெடுங்காடு போகிற பஸ்ஸில் ஏறினாள். குரும்பகரத்தில் இறங்கி அண்ணனைப் பார்க்க வேண்டும். அவர் இத்தனை வருஷமும் வாய் திறக்காத ஒரு விஷயத்தைச் சொல்ல வைக்க வேண்டும்.

போன வாரம் அந்த வீட்டில் நடந்தது தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை.

டி.வி. பெட்டி செய்கிற கம்பெனியில் அஞ்சுகம் சால்டரிங் வேலை பார்ப்பவள். டிரான்சிஸ்டர் ரேடியோ செய்த காலத்திலேயே சேர்ந்தவள். அன்றைக்கு வயதுச் சான்று எதுவும் கேட்கவில்லை. இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல் நடுங்குகிறதா என்று பார்த்தார்கள். நடுங்கவில்லை. எடுத்துக்கொண்டார்கள். சோதனையில் தேறாத சர்க்யூட் போர்டுகளெல்லாம் கடைசியில் அவள் மேஜைக்குத்தான் வரும். எந்தப் புள்ளியில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லுவாள்.

இப்போது கலர் டி.வி.க்கு என்று புது லைன் வந்துவிட்டது. நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு அதில் இடமில்லை, பழைய லைனை மாதக் கடைசியில் மூடப்போகிறோம், அவர்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். எல்லாரும் பிறப்புச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்றார்கள். பக்கத்து மேஜை அமீர் நிஷா ஐம்பதைத் தொட்டவள். முதல் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அஞ்சுகத்துக்கு நாற்பத்து மூன்றுதான். அவள் பயப்படவில்லை.

புருஷன் சுப்ராயன் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பியூன். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பதிவேட்டைத் தேடி எடுக்கச் சொல்லி, ஒரே நாளில் நகல் வாங்கி, முத்திரை காய்வதற்குள் கொண்டுவந்து பெருமையாக நீட்டினார். வருஷம் பிரெஞ்சில், எழுத்தால் எழுதியிருந்தது. அதைப் படிக்க அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. கம்பெனியில் யாரோ படித்துச் சொன்னார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பது. நாற்பத்தேழு வயது.

பெயர் சரி. அப்பா பெயர், அம்மா பெயர், ஊர் எல்லாம் சரி. வருஷம் மட்டும் அவளுடையது இல்லை.

அன்றிலிருந்து சுப்ராயன் மனைவியின் முகத்தைப் பார்ப்பதில்லை. தட்டில் போட்டதில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்.

குரும்பகரத்தில் அண்ணன் முத்தையன் நாற்றங்காலிலிருந்து அப்போதுதான் வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பத்து மூன்று வயது. அதிகம் பேசாத மனிதர். தங்கையைக் கண்டதும், "வேலைக்குப் போவலியா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் மனைவி ஞானசௌந்தரி காப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அஞ்சுகம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"அண்ணே, எனக்கு மூத்ததா ஒண்ணு இருந்துச்சுல்ல? அதுக்கும் அஞ்சுகம்னுதானே பேரு?"

முத்தையன் துண்டால் காலைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"யாரு சொன்னா?"

"அம்மா ஒரு தடவை சொல்லிச்சு. காய்ச்சல்ல போயிடுச்சுன்னு."

"அப்ப அதோட விடு."

"விட முடியலண்ணே. சர்ட்டிபிகேட்டு அதோடது வந்திருக்கு. அது பொறந்ததை எழுதினவங்க, செத்ததை எழுதல. நான் பொறந்ததையும் எழுதல. பதிவேட்டுல அது உசுரோட இருக்கு. நான்தான் இல்ல."

சொல்லிவிட்டு, வேலை விஷயத்தை முழுவதும் சொன்னாள். "நீங்க வந்து மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். மூத்தது செத்துப்போச்சு, இவ ரெண்டாவதுன்னு. வூட்ல அன்னைக்கு இருந்தவங்கள்ல இப்ப நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

ஞானசௌந்தரி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "முப்பது வருஷமா குடும்பம் நடத்தறேன். இப்படி ஒண்ணு எங்காதுல விழலியே."

முத்தையன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

"காய்ச்சல் இல்ல. வாந்திபேதி."

"என்னண்ணே?"

"சண்டை நடந்துக்கிட்டிருந்த வருசம். ஊருல நாலஞ்சு வூட்ல வந்துடுச்சு. வந்த வூட்டை சிப்பாய்ங்க வந்து பூட்டி, சுண்ணாம்பைத் தூவிட்டுப் போவாங்க. யாரும் வெளில வரக்கூடாது, வயலுக்குப் போவக்கூடாது. அறுப்பு நேரம். அம்மா வயித்துல நீ இருக்க. சாவைப் பதியணும்னா பிரெஞ்சுக்காரனோட மேரி ஆபீசுக்குப் போவணும். போனா தெரிஞ்சுடும். அப்பா போவல."

அவர் நிறுத்தினார்.

"விடியறப்ப போயிடுச்சு. அப்பா மம்பட்டியை எடுத்துக்கிட்டு முன்னால போயிட்டாரு. பெரியவங்க தூக்கிட்டுப் போனா சந்தேகம் வரும்னு, எருக்கூடையில வச்சு மேல வைக்கோலைப் போட்டு, எந்தலையில தூக்கி வச்சாங்க. எனக்குப் பத்து வயசு. பட்டப்பகல். வழியில ரெண்டு சிப்பாய்ங்க நின்னாங்க. ஒருத்தன் என்னைப் பார்த்து, 'எருவாடா?'ன்னு கேட்டான். ஆமான்னேன்."

"அண்ணே..."

"நாலு வயசுப் புள்ள. கனமே இல்ல. அதான் எனக்கு..."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ஞானசௌந்தரி உள்ளே போய்விட்டாள். அவள் மூக்கை உறிஞ்சுவது அடுப்படியிலிருந்து கேட்டது.

அஞ்சுகத்துக்கு, எழுந்து இப்படியே போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் கம்பெனியில் வயதை நிரூபிக்கச் சனிக்கிழமைதான் கெடு. அவள் எழுந்திருக்கவில்லை.

முத்தையன்தான் எழுந்தார். "சவுந்தரி, அந்த வெள்ளைச் சட்டையை எடு."

"நீங்க யோசிச்சுக்கிட்டு, நாளைக்குக்கூட..." என்றாள் அஞ்சுகம்.

"இன்னைக்கே வர்றேன். நாளைக்குன்னா எனக்கு வாய் வராது."

கம்பெனி வராந்தாவில் அவர்களை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். எதிரே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புது லைன். நீலக் கோட்டுப் போட்ட பெண்கள் வரிசையாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் பதினெட்டு, பத்தொன்பதுதான் இருக்கும். ஒருத்திகூட நிமிரவில்லை. முத்தையன் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பள்ளிக்கூடம் மாதிரில்ல இருக்கு" என்றார்.

மேனேஜர் மெட்ராஸ்காரர். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. மரியாதையான பையன். எழுந்து நின்று முத்தையனுக்கு நாற்காலியைக் காட்டினார். முத்தையன் உட்காரவில்லை. நின்றபடியே, சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஐயா, இது எந்தங்கச்சி. இதுக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சு. அது செத்துப்போச்சு. நான்தான் தூக்கிட்டுப் போனேன்."

அவ்வளவு சொன்னாலே போதும். ஆனால் அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. காலையில் சொன்ன வரிசையிலேயே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு போனார். சிப்பாய், சுண்ணாம்பு, அப்பாவின் மம்பட்டி. கூடைக்கு வந்தபோது போன் அடித்தது.

மேனேஜர் கையைக் காட்டி நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார். மெட்ராசிலிருந்து. பிக்சர் டியூப் லாரி வந்ததா, எத்தனை பெட்டி உடைந்தது என்று இரண்டு மூன்று நிமிஷம் பேசினார். ஒருமுறை சிரித்தார். முத்தையன் பொத்தானைப் பிடித்த கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

போனை வைத்துவிட்டு மேனேஜர் நிமிர்ந்தார். "சொல்லுங்க பெரியவரே. கூடையில வச்சு..."

"அவ்வளவுதாங்க" என்றார் முத்தையன்.

மேனேஜர் சான்றிதழ் நகலை எடுத்து மேஜையில் வைத்தார்.

"நான் நம்புறேம்மா. உங்க அண்ணன் பொய் சொல்ற ஆள் இல்லை. உங்களுக்கு நாற்பத்து மூணுதான். சரி. ஆனா அதனால ஒண்ணும் மாறாது."

"நாப்பத்தஞ்சுன்னுதானே நோட்டீசுல..."

"நோட்டீசுல ஏதாவது ஒரு நம்பர் போடணும், போட்டோம். அடுத்த நோட்டீசுல முப்பத்தஞ்சுன்னு வரும். அதையும் நான்தான் ஒட்டணும். புது லைனுக்கு வெளியூர்லேர்ந்து வந்து ட்ரெயினிங் கொடுக்கிறவங்க, பழைய கை ஒண்ணுகூட வேணாம்னு சொல்லிட்டாங்க. பழக்கத்தை மாத்த முடியாதாம்."

"நான் கத்துக்குவேன் சார். ரேடியோவுலேர்ந்து டி.வி.க்கு மாறினப்ப நாலே நாள்ல கத்துக்கிட்டேன். போன வாரம்கூட நீங்க கழிச்சு வச்ச போர்டுல நாப்பது போர்டை எடுத்து சரி பண்ணிக் கொடுத்திருக்கேன். கேட்டுப் பாருங்க."

"தெரியும்மா. ஆனா புது போர்டை யாரும் சரி பண்ண மாட்டாங்க. தேறலைன்னா தூக்கிப் போட்டுட்டு வேற போர்டு மாட்டுவாங்க. அதுதான் சீக்கிரம். அந்த வேலையே இனிமே கிடையாது."

பேதம் பார்க்கிறார்கள், வேண்டாதவளை ஒதுக்குகிறார்கள் என்றால் சண்டை போடலாம். இவர் அவள் வேலை நல்ல வேலை என்று ஒத்துக்கொள்கிறார். வயதையும் ஒத்துக்கொள்கிறார். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு போகச் சொல்கிறார்.

"பெரியவரே, கொஞ்சம் வெளியில இருக்கீங்களா?" என்றார் மேனேஜர்.

முத்தையன் வெளியே போனதும் ஒரு பைலைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். பாஸ்போர்ட் அளவுப் படம். இரட்டைச் சடை.

"அல்லி. தகப்பனார் பேர் சுப்ராயன். உங்க பொண்ணுதானே?"

அஞ்சுகம் பைலைத் தன் பக்கம் இழுத்தாள். "இது எப்ப...?"

"போன வாரம் கொடுத்திருக்கா. தேர்வாயிட்டா. ஆனா வேலையில இருக்கிறவங்க வீட்டிலேர்ந்து இன்னொருத்தரை எடுக்கக்கூடாதுன்னு ரூல். சனிக்கிழமைக்குள்ள நீங்க எழுதிக் கொடுத்துட்டா, திங்கக்கிழமை அவ சேர்ந்துக்கலாம். இல்லைன்னா மாசக் கடைசியில லைனை மூடுறப்ப நீங்களும் போயிடுவீங்க, இந்த இடமும் வேற யாருக்காவது போயிடும்."

டைப் அடித்த தாள் ஒன்றை நீட்டினார். என் சொந்த விருப்பத்தின் பேரில் என்று ஆரம்பித்தது அது.

"இன்னொண்ணும்மா. வயசுங்கற இடத்துல நாற்பத்தேழுன்னே போட்டுடுங்க. நாற்பத்து மூணுன்னு போட்டா, ஏன் வேலையிலேர்ந்து அனுப்பினீங்கன்னு லேபர் ஆபீஸ்ல கேள்வி வரும். சர்ட்டிபிகேட் இருக்கு, அதுக்குத் தகுந்த மாதிரி இருந்துட்டுப் போகட்டும்."

அண்ணனும் தங்கையும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்தார்கள். ஆளுக்கொரு டீ வாங்கினார்கள். முத்தையன் குடிக்காமல் அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டார்.

"வூட்டுக்கு வந்துட்டுப் போங்கண்ணே. ஒரு வாய் சாப்புட்டுப் போவலாம்."

"வேணாம்."

"நான் வந்திருக்கவே கூடாது உங்ககிட்ட."

நெடுங்காடு பஸ் வந்து நின்று ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா சாவறப்ப எங்கையைப் புடிச்சுக்கிட்டு, யார்ட்டயும் சொல்லிடாதடான்னுச்சு. கடைசி வரைக்கும் அதுக்கு அந்தப் பயம் போவல. நானும் யார்ட்டயும் சொல்லல. கட்டின பொண்டாட்டிகிட்ட சொல்லல. இன்னைக்குப் போயி, ஒரு பையன்கிட்ட, டெலிபோன் மணிக்கு நடுவுல..." முத்தையன் தலையை ஆட்டினார். "அவன் கேட்டான் பாரு. கூடையில வச்சுன்னு."

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் புறப்பட்டபோது அவள் கையைத் தூக்கினாள். அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அப்போது மணி மூன்று.

அஞ்சுகம் வீட்டுக்கு வரும்போது சுப்ராயன் ஆபீசிலிருந்து சீக்கிரமே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"மச்சான் வந்தாரா? சொன்னாரா?"

"சொன்னாரு."

"ஒத்துக்கிட்டாங்களா?"

அவருடைய கண்ணைப் பார்த்தாள். ஒரு வாரமாக அவளைப் பார்க்காத கண். பதிவேட்டைத் தேடி எடுக்கச் சொன்ன நாளிலிருந்து அந்த மனிதர் தன்னைத் தானே தின்றுகொண்டிருக்கிறார்.

"நம்புறேன்னு சொன்னாரு மேனேஜர்" என்றாள். அது பொய் இல்லை. "சனிக்கிழமை தெரியும்."

"நான் நெனச்சேன்! பெரிய மனுசன் ஒருத்தர் வந்து சொன்னா கேக்காம போவாங்களா?" சுப்ராயன் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "அல்லி, அம்மா வந்துடுச்சு பாரு. சோத்தைப் போடு. எனக்கும் கொஞ்சம் போடு, பசிக்குது."

ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். அஞ்சுகம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு அவர் வெளியே போனதும் அல்லி வந்து அம்மாவின் தோளை ஒட்டி உட்கார்ந்தாள். பிளஸ் டூ முடித்துவிட்டு டைப் கற்றுக்கொண்டிருக்கிற பெண். ஏதோ சொல்ல வந்திருக்கிறாள் என்று அவள் மூச்சிலேயே தெரிந்தது.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது."

"சொல்லு."

"உங்க கம்பெனிக்கு அப்ளிகேஷன் போட்டேன். உனக்கு எப்படி ஆவுமோன்னு பயந்து போட்டேன். அப்பாகிட்டகூட சொல்லல. போய்ப் பார்த்தேன், என்னை எடுத்துக்குவாங்க போலிருக்கும்மா. கைய நீட்டச் சொல்லிக்கூட பாக்கல. வயசு கேட்டாங்க, பத்தொம்பதுன்னேன், சரின்னுட்டாங்க."

அஞ்சுகம் சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைத்தாள்.

"கோவமா? இப்பதான் உனக்கும் சரியாயிடுச்சுல்ல. ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போவலாம்மா. மத்தியானம் ஒண்ணா உக்காந்து சாப்புடலாம். எனக்கு எதாச்சும் வரலன்னா எழுந்து வந்து உன்னைக் கேட்டுக்கிட்டுப் போவேன்."

"ம்."

"என்னம்மா ம்முங்கறே? சந்தோஷமா இல்லியா?"

"இருக்குடி. போயி வெளக்கை ஏத்து. பேனா இருந்தா குடுத்துட்டுப் போ."

"எதுக்கு?"

"லீவு லெட்டர் எழுதணும். இன்னைக்குச் சொல்லாம நின்னுட்டேன்ல."

அடுக்களையில் அரிசி டின் மூடியின்மேல் மேனேஜர் கொடுத்த தாளை வைத்து எழுதினாள். பெயர். புருஷன் பெயர். சேர்ந்த தேதி. வயது என்ற இடத்தில் நாற்பத்தேழு என்று எழுதினாள். எழுதும்போது கை நடுங்கவில்லை. கையெழுத்துப் போட்டு, நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று ஒரு தாய்க்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. பதினெட்டு வயது, பத்தொன்பது வயது என்று வரிசையாகக் குனிந்திருந்த நீலக் கோட்டுகள்தான் கண்ணுக்குள் நின்றன. அந்தப் பெண்களுக்கும் வயது ஏறும். அதற்குள் இன்னொரு நோட்டீஸ் வரும். அல்லி அதை எந்த வயதில் படிப்பாள்? முப்பதிலா, முப்பத்தைந்திலா? அதற்கு மேல் யோசிக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அல்லியின் குரல் கேட்டது. "வாங்க அத்தே! என்ன, தனியாவா வந்தீங்க?"

ஞானசௌந்தரி நின்றுகொண்டிருந்தாள். காலையில் கட்டியிருந்த அதே புடவை. கண் உள்ளே யாரையோ தேடியது.

"அஞ்சுகம், உங்கண்ணன் இங்கதானே இருக்காரு?"

"இல்லியே அண்ணி. மூணு மணி பஸ்ஸுல ஏத்தி விட்டேனே."

"அந்த பஸ்ஸு நாலு மணிக்கே வந்துடுச்சு. அவரு வரல." ஞானசௌந்தரி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "கண்டக்டரைக் கேட்டேன். ஊருக்கு முன்னாலயே நிறுத்தச் சொல்லி எறங்கிட்டாராம். வயல்ல பார்த்துட்டேன். ஆத்தங்கரை வரைக்கும் போய்ப் பார்த்துட்டேன். அவரு எங்க போயிருப்பாருன்னு எனக்குத் தெரியும். ஆனா அது எங்க இருக்குன்னு தெரியல. காலையில சொன்னாரே, அந்தப் புள்ளைய எந்த எடத்துல பொதைச்சாங்கன்னு உங்கிட்ட எதாச்சும் சொன்னாரா?"

அஞ்சுகம் நினைத்துப் பார்த்தாள். காலையில் வீட்டில் சொன்னதை நினைத்தாள். மேனேஜர் முன்னால் சொன்னதை நினைத்தாள். சிப்பாயைச் சொன்னார், சுண்ணாம்பைச் சொன்னார், கூடை கனக்கவில்லை என்று சொன்னார்.

இடத்தை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.